பெருந்தொற்று, நிவாரணம், தெருப் போராட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய் பரவும் காலத்தில் ஓர் ஊர் அடங்கிக் கிடக்கிறது, இன்னோர் ஊர் கொந்தளிக்கிறது. அரசு தரும் பணமும் தானியமும் இதில் என்ன மாற்றத்தைச் செய்கின்றன? நிவாரணத் திட்டம் வகுப்பவர்கள், அதைக் களத்தில் கொண்டு சேர்ப்பவர்கள், தரவை வைத்து இதைப் பற்றி எழுதுபவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பெருந்தொற்று வந்தால் போராட்டங்கள் கூடுமா, குறையுமா?

முதலில் குறையும். பிறகு கூடும்.

2019 இறுதியில் ஹாங்காங், சிலி, லெபனான், அல்ஜீரியா என்று உலகின் பல மூலைகளில் தெருக்கள் நிரம்பி வழிந்தன. 2020 மார்ச்சில் கொரோனா பொதுமுடக்கம் வந்ததும் அந்தக் கூட்டங்கள் ஏறக்குறைய ஒரே மாதத்தில் கரைந்தன. சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் பத்திரிகைச் செய்திகளை எண்ணி உருவாக்கிய குறியீட்டின்படி, பெரிய கொந்தளிப்பு நிகழ்வுகள் அப்போது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் காணாத அளவுக்குக் கீழே இறங்கின. அல்ஜீரியாவில் ஓராண்டுக்கும் மேலாக வாரம் தவறாமல் நடந்த பேரணியைப் போராட்டக்காரர்களே நிறுத்திவைத்தார்கள்.

அதே நிறுவனத்தின் வேறு இரு ஆய்வாளர்கள் 2001 முதல் 2018 வரை 133 நாடுகளின் தரவை எடுத்து, சார்ஸ், எச்1என்1, மெர்ஸ், எபோலா, ஜிகா ஆகிய ஐந்து தொற்றுகளுக்குப் பிந்தைய காலத்தைப் பார்த்தார்கள். சராசரியாகச் சுமார் 14 மாதங்களுக்குப் பிறகு கொந்தளிப்பு ஏறத் தொடங்குகிறது, 24 மாத அளவில் உச்சத்தைத் தொடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. வளர்ச்சி சரிகிறது, ஏற்றத்தாழ்வு விரிகிறது, அதனால் கொந்தளிப்பு வருகிறது, கொந்தளிப்பு மறுபடி வளர்ச்சியைத் தின்கிறது என்று அந்தச் சுழற்சியை விளக்கினார்கள்.

இடையில் ஏன் இத்தனை மாதங்கள் ஆகின்றன?

வருமானம் நின்ற அன்றே ஒரு குடும்பம் உடைந்துவிடுவதில்லை. முதலில் கையிருப்பு கரையும். பிறகு நகையும் கால்நடையும் போகும். அதற்குப் பிறகு கடன், வாடகை பாக்கி, கட்டாத மின்கட்டணம். அரசு கடன் தவணைகளை ஒத்திவைத்து, வாடகைக்குக் குடியிருப்பவர்களை வெளியேற்றக் கூடாது என்று ஆணை போட்டிருந்தால் சுமை இன்னும் சில மாதங்கள் தள்ளிப்போகும். தள்ளிப்போகுமே தவிரக் குறையாது. ஒத்திவைப்பு முடியும் மாதத்தில் பாக்கி முழுவதும் ஒன்றாக வந்து நிற்கும்.

கூட்டம் கூடுவதற்கான தடையும் நோய் பயமும் விலகினால்தான் இந்தச் சேர்த்துவைத்த கோபம் தெருவுக்கு வரும். இரண்டும் விலகுவதும் பாக்கிகள் கழுத்தை நெரிப்பதும் பெரும்பாலும் ஒரே பருவத்தில் நடக்கின்றன.

அப்படியானால் 14 மாதம், 24 மாதம் என்று நாட்காட்டியில் குறித்துவைத்துக் கொள்ளலாமா?

கூடாது. தென்னாப்பிரிக்காவில் பொதுமுடக்கம் 2020 மார்ச் 27 அன்று தொடங்கியது. பெரும் கலவரம் 2021 ஜூலையில். கொலம்பியாவில் பெரும் போராட்டம் வர 13 மாதங்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் ஊரடங்கு, 2022 ஏப்ரல் 9 அன்று கொழும்பின் காலிமுகத்திடலில் போராட்டக் கூடாரங்கள்: ஏறக்குறைய 25 மாதங்கள், அச்சில் வார்த்தது போல. ஆனால் பொருந்தும் நாடுகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் எந்தச் சராசரியும் அழகாகத்தான் தெரியும்.

இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. தினக்கூலியில் வாழ்பவர்களுக்கு 14 மாதம் என்ற பேச்சே இல்லை. அவர்களுக்கு இரண்டு வாரம்தான் கணக்கு. இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று பொதுமுடக்கம் தொடங்கியது; சூரத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் சொந்த ஊருக்கு அனுப்பக் கோரித் தெருவில் இறங்கியது ஏப்ரல் 10 அன்று. சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் எல் போஸ்கே பகுதி மக்கள் பசிக்காகக் கல்லெடுத்தது மே 18 அன்று. ஆப்பிரிக்க நாடுகளிலும் பொதுமுடக்கம் வந்த சிறிது காலத்திலேயே உணவைச் சுற்றிய மோதல்கள் கூடின. ஆகவே இரண்டையும் பிரித்துப் பேச வேண்டும்: பசிக் கலவரம் வாரக் கணக்கு, அரசியல் கொந்தளிப்பு ஆண்டுக் கணக்கு. நிவாரணம் முதலாவதை நன்றாகத் தடுக்கும். இரண்டாவதை ஓரளவுக்குத்தான்.

இது கொரோனாவோடு வந்த புதுப் பிரச்சினையா?

பழையது. பழைய கலவரங்களைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: மக்கள் பெரும்பாலும் நோய்க்கு எதிராகக் கிளம்புவதில்லை, நோயைத் தடுக்க அரசு எடுத்த நடவடிக்கைக்கு எதிராகக் கிளம்புகிறார்கள்.

1830களில் காலரா ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது ரஷ்யாவிலும் இங்கிலாந்திலும் மருத்துவமனைகள் தாக்கப்பட்டன. மருத்துவர்கள் ஏழைகளுக்கு நஞ்சு வைக்கிறார்கள் என்று ரஷ்யாவில் வதந்தி. பிணத்தை அறுத்துப் பார்க்கவே கொல்கிறார்கள் என்று 1832இல் லிவர்பூலில் வதந்தி. அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் கல்லறையைத் தோண்டிப் பிணங்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு விற்றது அந்நாட்டில் உண்மையாகவே நடந்துவந்தது. வதந்தி வெற்றிடத்தில் முளைப்பதில்லை.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. மறு ஆண்டு பிரிட்டிஷ் அரசு தொற்றுநோய்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. புனேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டார்கள், பெண்களைப் பரிசோதித்தார்கள், பொருட்களை எரித்தார்கள். பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். 1904 நவம்பரில் ரியோ டி ஜெனிரோவில் கட்டாய அம்மைத் தடுப்பூசிச் சட்டம் ஒரு வாரக் கலவரத்தை மூட்டியது. அதற்கு முன்பே நகரச் சீரமைப்பு என்று ஏழைகளின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டிருந்தன. 2014 ஆகஸ்டில் லைபீரியாவின் மன்ரோவியாவில் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதியை எபோலாவுக்காக இரவோடு இரவாகச் சுற்றி அடைத்தார்கள். காலையில் மோதல், துப்பாக்கிச் சூடு, ஒரு சிறுவன் இறந்தான். பத்து நாளில் அடைப்பு விலக்கப்பட்டது.

மிக நீண்ட இடைவெளிக்கும் ஒரு சான்று உண்டு. 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோய் இங்கிலாந்தில் கூலியாட்களை அருகச் செய்தது, கூலி ஏறியது, 1351இல் கூலியைப் பழைய அளவிலேயே கட்டிப்போடச் சட்டம் வந்தது. 1381இல் தலைவரி அதன் மேல் விழுந்தபோது விவசாயிகள் லண்டனுக்குள் நுழைந்தார்கள்.

நிவாரணம் எந்த வழியில் கொந்தளிப்பைத் தணிக்கிறது?

மூன்று வழிகள். கையில் காசு இருந்தால் ஊரடங்கை மீறி வெளியே போக வேண்டிய கட்டாயம் குறைகிறது. போலீசோடு முட்டும் வாய்ப்பும் குறைகிறது. அடுத்து, இழக்க ஏதோ ஒன்று கையில் இருப்பவர் கடை உடைக்கப் போவது அரிது. மூன்றாவது வழிதான் அதிகம் கவனிக்கப்படாதது: நம்மை யாரோ கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம். தொகை சிறியதாக இருந்தாலும் சொன்ன நாளில் வந்தால் இந்த எண்ணம் ஏற்படும். பெரிய தொகை அறிவிக்கப்பட்டு வராமல் போனால், அறிவிக்காமலே இருந்திருந்தால் வந்திருக்கும் கோபத்தைவிட அதிகக் கோபம் வரும்.

தணிக்க முடியாதவையும் உண்டு. 2020 மார்ச் 27 அன்று அமெரிக்கா 2.2 லட்சம் கோடி டாலர் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. தகுதியுள்ள பெரியவர்களுக்குத் தலைக்கு 1,200 டாலர் வரை, வேலையிழந்தவர்களுக்கு வழக்கமான உதவியோடு வாரம் 600 டாலர் கூடுதல். அந்தப் பணம் ஓடிக்கொண்டிருந்தபோதே, மே 25 அன்று கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் முழங்காலின் கீழ் இறந்தார். நாடு முழுவதும் எழுந்தது. அநீதிக்கான கோபத்தை உதவித்தொகை விலைக்கு வாங்க முடியாது. வாங்கிவிடலாம் என்று எந்த நிதியமைச்சராவது நினைத்தால் அது தப்புக்கணக்கு.

எவ்வளவு கொடுத்தால் போதும்?

அரசு அறிவிக்கும் நிவாரணப் பேக்கேஜின் மொத்தத் தொகையையும் அது நாட்டு வருமானத்தில் எத்தனை சதவீதம் என்பதையும் ஒதுக்கிவையுங்கள். அதில் பெரும்பகுதி கடன் உத்தரவாதமாக இருக்கும். வீட்டு வாசலுக்கு வராது. ஒரு குடும்பத்தின் கணக்கைப் போடுங்கள்: ஓர் ஆளின் மாத உணவுச் செலவு, பெருக்கல் ஆட்களின் எண்ணிக்கை, கூட்டல் வாடகை, கூட்டல் தவணை. வாடகையையும் தவணையையும் ஆணை போட்டு நிறுத்த முடிந்தால் உணவுச் செலவுதான் அடித்தளம். அதற்குக் கீழே போனால் மக்கள் வெளியே வந்தே தீர்வார்கள்.

உண்மை அளவுகள் சில. பிரேசில் 2020 ஏப்ரலில் மாதம் 600 ரியால் கொடுத்தது. அன்றைய குறைந்தபட்ச ஊதியமான 1,045 ரியாலில் அது 57 சதவீதம். தனியாகக் குடும்பம் நடத்தும் தாய்மாருக்கு இரு மடங்கு. ஏறத்தாழ 6.8 கோடிப் பேர் நேரடியாகப் பெற்றார்கள், அந்த ஆண்டு வறுமையே குறைந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோ பெண்களுக்கு மாதம் 12,250, ஆண்களுக்கு 10,500 சிஎஃப்ஏ பிராங்க் கொடுத்தது. குறைந்தபட்ச ஊதியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தென்னாப்பிரிக்கா மாதந்தோறும் தந்த 350 ரேண்ட், அந்நாட்டின் அன்றைய உணவு வறுமைக் கோடான 585 ரேண்டில் அறுபது சதவீதம்தான். ஓர் ஆள் சாப்பிடவே போதாத தொகை. ஆனாலும் அது நின்றபோது வலித்தது.

பணமாகத் தருவதா, பொருளாகத் தருவதா?

கடைகளில் சரக்கு இருந்தால் பணம். சந்தையே அடைபட்டுக் கிடந்தால் பொருள். பணம் பூட்டிய கடைக்கு முன் காகிதம். ஆனால் பொருளை வாங்கி, மூட்டை கட்டி, வண்டி பிடித்துக் கொண்டுசேர்க்க வாரங்கள் ஆகும். சிலி அரசு 25 லட்சம் உணவுப் பெட்டிகளை அறிவித்தது 2020 மே 17 அன்று. எல் போஸ்கே வெடித்தது மறுநாள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ரேஷன் அமைப்பு இருந்தால் கதை வேறு. இந்தியா 2020 ஏப்ரலில் சுமார் 80 கோடிப் பேருக்கு மாதம் தலைக்கு 5 கிலோ தானியம் கூடுதலாக இலவசமாகத் தர முடிந்தது. கடையும் கிடங்கும் அட்டையும் முன்பே இருந்ததுதான் காரணம். அதே அமைப்பின் ஓட்டையும் அப்போதே தெரிந்தது: அட்டை சொந்த ஊரில், தொழிலாளி வேறு மாநிலத்தில். சூரத்தின் கோபத்துக்கு இதிலும் ஒரு பங்கு உண்டு.

கிடங்கில் இருக்கும் பொருளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2020 அக்டோபரில் நைஜீரியாவில் போலீஸ் அராஜகத்துக்கு எதிரான போராட்டம் நடந்தது. அக்டோபர் 20 அன்று லாகோசின் லெக்கி சுங்கச்சாவடியில் ராணுவம் சுட்டதற்குப் பிறகு, பல மாநிலங்களில் மக்கள் அரசுக் கிடங்குகளை உடைத்தார்கள். உள்ளே மாதக்கணக்கில் பூட்டியிருந்த கொரோனா நிவாரண மூட்டைகள். இரண்டாம் அலைக்காகச் சேமித்து வைத்தோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும்; பசித்தவனுக்குத் தெரிவது பூட்டு மட்டும்தான். இருப்பு வைக்கத்தான் வேண்டும் என்றால் எவ்வளவு, எதற்காக, எப்போது திறக்கும் என்பதைக் கிடங்குச் சுவரிலேயே எழுதி ஒட்டுவது மலிவான காப்பீடு.

விநியோகத்தில் எங்கே பிழை வரும்?

ஏறக்குறைய எல்லாப் படிகளிலும். வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி பட்டியல். வறுமைப் பட்டியல்கள் பொதுவாகப் பல ஆண்டுகள் பழையவை. அதில் நேற்று வரை ஏழையாக இருந்தவர் இருப்பார், இன்று ஏழையானவர் இருக்கமாட்டார். ஆட்டோ ஓட்டுபவர், முடிதிருத்துபவர், சாலையோர வியாபாரி எல்லாம் பரம ஏழையும் இல்லை, சம்பளப் பட்டியலிலும் இல்லை. நடுவில் விடுபட்ட இவர்கள்தான் நகரத்தில் வாழ்பவர்கள், கூடிப் பேச இடம் உள்ளவர்கள். டோகோ இதற்குச் சாமர்த்தியமான வழி கண்டது. 2020 தொடக்கத்தில் புதுப்பித்த வாக்காளர் பட்டியலில் ஒவ்வொருவரின் தொழிலும் இருந்தது. அதை வைத்தே அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பிரித்தெடுத்தார்கள்.

இரண்டாவது விண்ணப்பம். ஆப் வழியாக மட்டும் என்றால் ஸ்மார்ட்போன் இல்லாதவர் வெளியே நிற்பார். டோகோவில் சாதாரண பட்டன் போனில் ஒரு குறுங்குறியீட்டை அழுத்தினால் போதும்; தகுதி இருந்தால் பணம் சில நிமிடங்களில் அலைபேசிப் பணப்பைக்கு வந்தது. மாதத் தொகையை இரண்டாகப் பிரித்து இரு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள். கூலி வாழ்க்கைக்கு அதுதான் பொருந்தும்.

மூன்றாவது, பணம் கைக்கு வரும் இடம். பெருவில் வயதுவந்தோரில் பெரும்பாலோருக்கு வங்கிக் கணக்கு இல்லாததால் நிவாரணம் வாங்க வங்கி வாசலில் நீண்ட வரிசைகள் நின்றன; நோயைத் தடுக்கக் கொடுத்த பணமே கூட்டத்தைக் கூட்டியது. பிரேசில் பிறந்த மாதவாரியாக நாள் ஒதுக்கியது. அதற்குப் பிறகும் முதல் வாரங்களில் வரிசைகள் இருந்தன, ஆனால் யாருக்கு எப்போது என்பதில் சண்டை குறைந்தது.

நான்காவது, உள்ளூர்க் கை. பட்டியலை வார்டு ஆளிடமோ கட்சிக்காரரிடமோ விட்டால் சேரவேண்டியவர்களுக்குச் சேர்ந்தாலும் சந்தேகம் மிஞ்சும். பெயர்களைப் பொது இடத்தில் ஒட்டுவது பணம் தவறான கைகளுக்குக் கசிவதைக் குறைக்கும்; ஆனால் பிளவுபட்ட ஊரில் அதே பட்டியல் பகையைக் கிளப்பும். அங்கே பெயருக்குப் பதில் தெருவாரியாக எண்ணிக்கையை மட்டும் ஒட்டலாம்.

ஐந்தாவது, புகார். இதைத்தான் கடைசியில் சேர்ப்பார்கள், முதலில் வெட்டுவார்கள். நிராகரிக்கப்பட்டவருக்கு என்ன காரணம், யாரிடம் மேல்முறையீடு, எத்தனை நாளில் பதில் என்ற மூன்றும் குறுஞ்செய்தியில் போக வேண்டும். “தகுதியில்லை” என்ற ஒற்றைச் சொல், பணம் மிச்சப்படுத்திய அளவுக்குக் கோபத்தைச் சேர்க்கும்.

இரண்டு வகைப் பிழைகளில் எதைப் பொறுத்துக்கொள்வது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். தகுதியில்லாத பத்துப் பேருக்குப் போனால் தணிக்கை அறிக்கையில் ஒரு பத்தி வரும். தகுதியுள்ள பத்துப் பேர் விடுபட்டால் அவர்கள் வாசலுக்கு வருவார்கள். முதல் மூன்று மாதத்தில் தாராளமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு பட்டியலைச் சுத்தம் செய்வதே எங்கள் பரிந்துரை. அவசரகால நிவாரணத்தை வழக்கமான மானியம் போல வடிகட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவசரம் முடிந்த பிறகுதான் பணம் போகும்.

சம்பளம் தரச் சொல்லி நிறுவனங்களுக்குக் கொடுத்தால்?

வேலை செய்யும், ஊதியம் நேரடியாகத் தொழிலாளியின் கணக்குக்குப் போகும்படி கட்டினால். பங்களாதேஷ் 2020 மார்ச்சில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளின் ஊதியத்துக்கென 5,000 கோடி டாக்கா அறிவித்தது. பணம் வரும் முன்பே, ஏப்ரலில் ஆயிரக்கணக்கான ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் மார்ச் மாதச் சம்பள பாக்கிக்காக ஊரடங்கை மீறித் தெருவில் நின்றார்கள். ஊதியம் வங்கி அல்லது அலைபேசிக் கணக்கில்தான் போகவேண்டும் என்று விதித்ததால் லட்சக்கணக்கில் புதுக் கணக்குகள் திறக்கப்பட்டன. அந்தப் பகுதி நல்ல பாடம்.

நிவாரணத்தை எப்படி நிறுத்துவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். தொடங்கும் நாளுக்குச் செலவிடும் யோசனையில் பத்தில் ஒரு பங்குகூட முடிக்கும் நாளுக்குப் போவதில்லை.

தென்னாப்பிரிக்கா 2020 மேயில் தொடங்கிய 350 ரேண்ட் உதவியைச் சில முறை நீட்டித்து, 2021 ஏப்ரல் இறுதியில் நிறுத்தியது. ஜூலையில் முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனதும் குவாசூலு-நட்டால், கௌடெங் மாகாணங்களில் கலவரமும் கொள்ளையும் வெடித்தன. 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீக்குச்சி உரசியது அரசியல்தான், தூண்டிவிட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் பேரங்காடிகளில் தானிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் ஜூமாவின் ஆட்கள் இல்லை. அதே மாத இறுதியில் அதிபர் ரமபோசா உதவியை மீண்டும் அறிவித்தார். குழந்தை உதவித்தொகை வாங்கும் பராமரிப்பாளர்கள் முதல் சுற்றில் விலக்கப்பட்டிருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அந்தத் தவறும் அப்போது திருத்தப்பட்டது. மூன்று மாத மிச்சத்தின் விலை அது.

பிரேசில் படிப்படியாக இறங்கியது: 600 ரியால், செப்டம்பரில் 300, டிசம்பரோடு முடிவு. பிறகு ஏப்ரலில் 150 முதல் 375 வரை மறுபடி தொடங்கியது. தென்னாப்பிரிக்கா போன்ற வெடிப்பு இல்லை. எனினும் 2021 மே 29 அன்று பல நகரங்களில் திரண்ட கூட்டத்தின் கோரிக்கைகளில் தடுப்பூசியோடு 600 ரியாலும் இருந்தது. ஒருமுறை கொடுத்த தொகை மக்கள் மனதில் அளவுகோலாகிவிடும்.

நடைமுறையில்: முடியும் தேதியை நாட்காட்டியோடு கட்டாதீர்கள், வேலைவாய்ப்போடு கட்டுங்கள். தொகையை ஒரே வெட்டாக வெட்டாமல் மூன்று படிகளில் இறக்குங்கள். கடைசித் தவணைக்கு இரண்டு மாதம் முன்பே ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்புங்கள். உதவித்தொகை முடியும் மாதமும் கடன் ஒத்திவைப்பு முடியும் மாதமும் எரிபொருள் விலை ஏறும் மாதமும் ஒன்றாக வராமல் பாருங்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு துறைகளின் கையில் இருப்பதால், யாரும் பார்க்காமலே ஒன்றாக வந்து நிற்பது வழக்கம்.

கொடுத்த பணத்தை அரசு எப்படித் திரும்ப எடுப்பது?

1919 தொடங்கி சுமார் தொண்ணூறு ஆண்டு ஐரோப்பியத் தரவை ஆராய்ந்தபோது, செலவு வெட்டுகள் கொந்தளிப்போடு வலுவாகச் சேர்ந்துவந்தன. வரி உயர்வின் தாக்கம் குறைவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு வரி போட்டால் ஆபத்தில்லை என்று முடிவு செய்தால் கொலம்பியா நினைவுக்கு வரவேண்டும். 2021 ஏப்ரலில் அதிபர் துக்கேயின் அரசு ஒரு வரித் திருத்தத்தைக் கொண்டுவந்தது. ஏழைகளுக்கான மாத உதவியை நிலைநிறுத்துவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் விற்பனை வரி கூடுதல் பொருட்களுக்கும் சேவைகளுக்கும் விரிந்தது. வருமான வரி கட்ட வேண்டிய வரம்பு கீழே இறங்கியது. ஓராண்டு அடைபட்டுக் கிடந்த நடுத்தர வர்க்கம் ஏப்ரல் 28 அன்று தெருவுக்கு வந்தது. மே 2 அன்று மசோதா திரும்பப் பெறப்பட்டது, மறுநாள் நிதியமைச்சர் பதவி விலகினார். போராட்டம் அதோடும் நிற்கவில்லை. செப்டம்பரில் வந்த மாற்றுச் சட்டம் நிறுவன வரியை 35 சதவீதமாக்கி அதே உதவித்தொகையை நீட்டித்தது; அதற்கு அந்த எதிர்ப்பு எழவில்லை. வரி என்பதைவிட யார் தலையில் என்பதுதான் கேள்வி.

இலங்கை எதிர்த் திசையில் போய் அதே இடத்துக்கு வந்தது. 2019 இறுதியில் மதிப்புக்கூட்டு வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். பிறகு பெருந்தொற்று சுற்றுலாவை அழித்தது. குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள். வருவாய் இல்லாத அரசு பணத்தை அச்சடித்துச் சமாளித்தது. 2021இல் ரசாயன உரத் தடை விளைச்சலில் கைவைத்தது. அந்நியச் செலாவணி கரைந்து, 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் செலுத்துவது நிறுத்தப்பட்டது. எரிவாயு, பெட்ரோல், பால்மா எதற்கும் வரிசை. ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் நுழைந்தார்கள், 14 அன்று கோத்தபாய ராஜபக்ச பதவி விலகினார். இதில் பெருந்தொற்று தனிக் குற்றவாளி இல்லை. ஏற்கெனவே விரிசல் விட்ட சுவரில் விழுந்த அடி அது.

போலீசை இறக்கி அடக்கிவிட முடியாதா?

சில வாரங்களுக்கு முடியும். ஆனால் நைஜீரியாவின் தேசிய மனித உரிமை ஆணையம் 2020 ஏப்ரல் நடுவில் சொன்ன கணக்கைப் பாருங்கள்: பொதுமுடக்கத்தை அமல்படுத்தியதில் பாதுகாப்புப் படைகளால் இறந்தவர்கள் 18 பேர், அப்போது நாட்டில் கொரோனாவால் இறந்தவர்கள் சுமார் 12 பேர். அக்டோபர் போராட்டம் போலீசுக்கு எதிராக எழுந்ததில் வியப்பில்லை.

நிவாரணம் அதிகம் போன இடத்தில் போராட்டமும் அதிகமாக இருக்கிறதே. அப்படியானால் நிவாரணம் பயனற்றதா?

தரவை முதன்முறை கையிலெடுக்கும் எல்லோரும் விழும் குழி இது. அரசுகள் கொந்தளிக்கும் இடத்துக்குத்தான் முதலில் பணம் அனுப்புகின்றன. தீயணைப்பு வண்டி நிற்கும் இடத்தில் தீ இருக்கிறது என்பதற்காக வண்டிதான் தீ வைத்தது என்று சொல்ல முடியாது.

இதைப் பிரித்தறிய, அரசின் விருப்பத்தைச் சாராமல் பணம் வந்த இடங்களைத் தேட வேண்டும். பிறந்த மாதவாரியான தவணை, மாவட்டம் மாவட்டமாகப் படிப்படியாக விரிந்த திட்டம், வருமான வரம்புக்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும் இருப்பவர்கள் ஆகியவை நல்ல ஒப்பீடுகள். பணம் வருவதற்கு முந்தைய வாரங்களிலேயே “விளைவு” தெரிந்தால் உங்கள் ஒப்பீடு தவறு.

எந்தத் தரவை எடுப்பது, எப்படி எண்ணுவது?

நிகழ்வுகளுக்கு, மோதல்களையும் போராட்டங்களையும் நாடுவாரியாகத் தொகுக்கும் ஆக்லெட் (ACLED) தரவுத்தளம் வசதியானது. அமைதியான போராட்டத்தையும் கலவரத்தையும் தனித்தனி வகையாக, நாள், இடத்தோடு பதிகிறது. இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிடாதீர்கள். நிவாரணம் கொள்ளையைக் குறைத்து, அமைதிப் பேரணியைக் கூட்டவும் செய்யலாம். பசியில்லாதவருக்குத்தான் பேரணிக்குப் போக நேரம் இருக்கும். கொள்கைகளுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கொரோனா அரசு நடவடிக்கைத் தொகுப்பு உண்டு. கட்டுப்பாட்டின் கடுமை 0 முதல் 100 வரை. வருமான உதவி 0, 1, 2 என்ற மூன்றே படிகள்: உதவி இல்லை, இழந்த ஊதியத்தில் பாதிக்குக் கீழ், பாதி அல்லது அதற்கு மேல். அது அறிவிக்கப்பட்ட கொள்கை, கைக்கு வந்த பணம் அல்ல.

அலகாக மாவட்டம்–வாரம், அதாவது ஒரு மாவட்டத்தின் ஒரு வாரம், எடுத்துக்கொள்ளுங்கள். நாடு–ஆண்டு என்று எடுத்தால் எல்லாம் கரைந்துவிடும். பத்து லட்சம் மக்களுக்கு எத்தனை நிகழ்வு என்று மாற்றுங்கள். பெரும்பாலான வாரங்களில் பூஜ்யம் வரும் என்பதால் சாதாரண நேர்கோட்டுப் பொருத்தம் சரிவராது, அரிதாக நடப்பவற்றின் எண்ணிக்கைக்கான பாய்சான் வகைப் புள்ளியியல் மாதிரி தேவை. அறிவித்த தேதி, முதல் பணம் வந்த தேதி, கடைசிப் பணம் வந்த தேதி என்ற மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் வையுங்கள். ஊரடங்கின்போது நிருபர்களும் வீட்டில்தான் இருந்தார்கள். அந்த வாரங்களில் எத்தனை செய்தி மூலங்கள் பங்களித்தன என்பதைப் பார்க்காமல் போராட்டம் குறைந்தது என்று எழுதாதீர்கள்.

கட்டுப்பாடுகளே நீண்டுகொண்டு போனால்?

பணம் அதை ஈடு செய்யாது. 2022 நவம்பர் 24 அன்று சீனாவில் நீண்ட அடைப்பில் இருந்த உரும்கி நகரத்தில் அடுக்குமாடித் தீயில் பத்துப் பேர் இறந்தபோது, பல நகரங்களில் மக்கள் எதிர்ப்பின் அடையாளமாக வெற்று வெள்ளைத் தாளைப் பிடித்து நின்றார்கள். டிசம்பர் 7 அன்று கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்த்தப்பட்டன.

முன்கூட்டியே எதைக் கவனிப்பது?

சமூக ஊடகக் கோபத்தைவிட சலிப்பான எண்களே உதவும். அரிசி, கோதுமை, சமையல் எரிவாயு ஆகியவற்றின் சில்லறை விலை வாராவாரம். நிராகரிக்கப்பட்ட நிவாரண விண்ணப்பங்களின் பங்கு, பகுதிவாரியாக. தீர்க்கப்படாத புகார்கள் எத்தனை நாள் கிடக்கின்றன என்பது. இரண்டு மாதத்துக்கு மேலான சம்பள பாக்கியும் வாடகை பாக்கியும். அறிவிப்புக்கும் முதல் தவணைக்கும் இடையே ஓடிய நாட்கள். கிடங்கில் நகராமல் கிடக்கும் மூட்டைகள். அடுத்த ஆறு மாதத்தில் எந்தெந்தச் சலுகைகள் எந்தத் தேதியில் முடிகின்றன என்ற பட்டியலை ஒரே தாளில் எழுதி, அதன் பக்கத்தில் தேர்தல், பெரிய நீதிமன்றத் தீர்ப்பு, எரிபொருள் விலை மாற்றம் ஆகியவற்றின் தேதிகளையும் எழுதுங்கள். ஒரே வாரத்தில் மூன்று தேதிகள் விழுந்தால் அவற்றில் அரசின் கையில் இருப்பதை நகர்த்துங்கள்.